நடனசாலையும் நட்டக் கணக்கும்: யப்பானியப் பழைமையேக்க இசை குறித்து

ஒரு சமுதாயத்தின் நடுவயதினர் எந்தப் பாட்டைக் கேட்டுத் தம் இளமையை மீட்டெடுக்க விழைகின்றனர் என்பது அற்பமான வினாவன்று. ஆயினும் வெகுசன இசையை ஆராய்ச்சிக்கு உகந்த பொருளாகக் கொள்ளாது ஒதுக்கும் மனோபாவம் பல்கலைக்கழக வட்டாரங்களில் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. செவ்வியல் இசை போற்றுதற்குரியது. நாட்டார் பாடல் தொகுத்தற்குரியது. இவ்விரண்டுக்கும் இடையே இசைத்தட்டு நிறுவனங்கள் உருவாக்கி விற்கும் பாட்டோ கேட்டு மறத்தற்குரியது என்பதே அம்மனோபாவத்தின் சாரம். விற்கப்படுவது பாட்டு மாத்திரமாயின் அதனை அவ்வாறே விட்டுவிடலாம். ஆனால் யப்பானில் இன்று நாற்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதினரை நோக்கி மீண்டும் மீண்டும் விற்கப்படும் நடன இசையை உற்றுநோக்குவோர்க்கு, பாட்டோடு சேர்த்து ஒரு வரலாறும் விற்கப்படுவது புலப்படும். அவ்வரலாறு பொய்யானது. பொய்யாக இருப்பதனால் இலாபமடைவோரும் உளர். இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இசை எதுவெனக் கூறிவிடல் தகும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலம் வரை யப்பானிய டிஸ்கோக் கூடங்களில் ஒலித்த துள்ளிசையே இங்கு கருதப்படுகின்றது. ஒகினோமே யோக்கோ 1985 நவம்பரில் வெளியிட்ட 'டான்சிங் ஹீரோ'. அதே காலத்தில் பரவத் தொடங்கிய யூரோபீட். 1990களின் முற்பகுதியில் ஜூலியானாஸ் டோக்கியோ என்னும் கூடத்தில் முழங்கிய ஐரோப்பிய டெக்னோ. பின்னர், பாதங்களை இடமும் வலமுமாக மாற்றிவைத்துக் கைகளாலேயே அபிநயித்து ஆடும் பாரா பாரா. பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட கால இடைவெளியில், வெவ்வேறு வயதினர், வெவ்வேறு வகுப்பினர், வெவ்வேறு பொருளாதார நிலைகளில் ஆடிய இவ்விசை வகைகள் யாவும் இன்று ஒரே பெட்டியில் அடைக்கப்பட்டு, அப்பெட்டியின் மேல் 'குமிழிக் காலம்' என்ற ஒற்றைச் சொல் ஒட்டப்படுகின்றது. குமிழிப் பொருளாதாரம் என்பது 1980களின் இறுதியில் காணியும் பங்குகளும் கட்டுக்கடங்காது விலையேறிய காலத்துக்கு யப்பானியர் இட்டு வழங்கும் பெயர்.

பெட்டியைத் திறப்போர்க்குக் கிடைக்கும் கதை எளிமையானது. பணம் புரண்ட காலம் அது, நாமெல்லோரும் விடிய விடிய ஆடினோம், குமிழி வெடித்தது, அன்று ஆடியதற்கான விலையை இன்று கொடுக்கிறோம். தொலைக்காட்சியின் நகைச்சுவை நிகழ்ச்சிகளும் பழம்பாடல் தொகுப்புகளும் இக்கதையையே சொல்லுகின்றன. கேட்பதற்குத் தீங்கற்றதாக, ஏன், தன்னைத் தானே எள்ளிநகையாடும் பெருந்தன்மையுடையதாகக்கூட அது தோன்றும். ஆனால் தமிழ் இலக்கணம் பயின்றோர் ஒரு வினாவை எழுப்பாதிருக்க முடியாது. 'ஆடினோம்' என்பதிலும் 'கொடுக்கிறோம்' என்பதிலும் உள்ள தன்மைப் பன்மை ஒன்றேதானா? ஆடிய 'நாம்' யார்? கொடுக்கும் 'நாம்' யார்? உண்டவன் ஒருவனும் கை கழுவியவன் மற்றொருவனுமாக இருக்க, இருவரையும் ஒரே விகுதிக்குள் அடக்கிவிடுவதில் இக்கதையின் சூழ்ச்சி முழுவதும் அடங்கியுள்ளது.

இதனை விளக்க ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே போதுமானது.

1985 செப்டெம்பரில் நியூயோர்க்கின் பிளாசா விடுதியில் ஐந்து வல்லரசுகளின் நிதியமைச்சர்கள் செய்துகொண்ட உடன்பாட்டை அடுத்து யென்னின் பெறுமதி விரைந்து உயர்ந்தது. ஏற்றுமதியாளரைக் காக்கும்பொருட்டு யப்பான் வங்கி தனது உத்தியோகபூர்வ வட்டி வீதத்தைப் படிப்படியாகக் குறைத்து 1987 பெப்ரவரியில் 2.5 சதவீதத்துக்குக் கொணர்ந்தது. 1989 மே வரை அவ்வீதமே நிலைத்தது. மலிவாகக் கிடைத்த கடன் காணிக்கும் பங்குக்கும் பாய்ந்தது. 1989 டிசெம்பர் 29ஆம் திகதி நிக்கேய் பங்குச் சுட்டெண் 38,915 என்னும் உச்சத்தைத் தொட்டது. அடுத்த ஒன்பது மாதங்களில் அது ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. 1990 மார்ச்சில் நிதியமைச்சு காணிக் கடன்களுக்கு உச்சவரம்பு விதித்தது; ஓகஸ்டில் வட்டி வீதம் 6 சதவீதமாயிற்று. பொருளாதார வளர்ச்சிச் சுழற்சியின் முகடு 1991 பெப்ரவரி என்பது அரசாங்கமே பின்னர் வரையறுத்த கணக்கு.

இனி நடனசாலைக்கு வருவோம். குமிழிக் காலக் களியாட்டத்தின் சின்னமாக இன்று காட்டப்படும் காட்சி எது? உடலோடு ஒட்டிய ஆடை அணிந்த இளம்பெண்கள் உயர்ந்த மேடைமீது நின்று இறகு விசிறியைச் சுழற்றி ஆடும் காட்சி. அது நிகழ்ந்த இடம் டோக்கியோவின் ஷிபாவுரா பகுதியில், பண்டசாலையொன்றைத் திருத்தியமைத்த ஜூலியானாஸ் டோக்கியோ. அக்கூடம் திறக்கப்பட்ட நாள் 1991 மே 15; மூடப்பட்ட நாள் 1994 ஓகஸ்ட் 31. அதாவது, பங்குச்சந்தை சரிந்து ஓராண்டுக்கு மேலாகி, வளர்ச்சியின் முகடும் கடந்து மூன்று மாதங்களான பின்னரே அதன் கதவுகள் திறந்தன. குமிழியின் சின்னம் குமிழி வெடித்ததன் பின்னரே பிறந்திருக்கின்றது!

வீழ்ச்சியை மக்கள் உணரச் சில காலம் எடுத்ததென்றும், சம்பளமும் காணி விலையும் உடனே சரியவில்லையென்றும் சிலர் மறுமொழி கூறலாம். அது உண்மையே. ஆனால் அம்மறுமொழி இக்கதைக்குத் துணைபோவதில்லை. வீழ்ச்சியின் முதற் பலியாகவிருந்தோர் வீழ்ச்சியை அறியாமலே ஆடினர் என்பதைத்தான் அது நிறுவுகின்றது.

உண்மையான குமிழிக் காலத்தின் கூடம் வேறு. ஒசாக்காவில் தோன்றி 1984இல் டோக்கியோவின் அசாபுவுக்கு வந்த 'மகாராஜா' அத்தகையது. பெயர் எம் திசையிலிருந்து சென்றதாயினும் அதனால் நாம் பெருமை கொள்ள ஏதுமில்லை. வாசலிற் காவலர் நின்று, வருவோரின் ஆடையையும் தோற்றத்தையும் மதிப்பிட்டு உள்ளே அனுமதிப்பர், அல்லது திருப்பியனுப்புவர். அங்கு ஆடியோர் 1960களின் முற்பகுதியிற் பிறந்தோர். இன்று அறுபதைக் கடந்தோர். 'விடிய விடிய' என்பதும் மிகைக்கூற்று. 1985இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தின்படி டிஸ்கோக்கள் நள்ளிரவோடு, சில வட்டாரங்களில் ஒரு மணியோடு, மூடப்பட வேண்டியனவாகவிருந்தன. சட்டத்தை மீறியவை பல இருந்தன என்பது வேறு விடயம்.

ஆனால் இன்று நடுவயதினர் எனப்படுவோர் யார்? யப்பானின் இரண்டாம் குழந்தைப் பெருக்கம் 1971 முதல் 1974 வரை நிகழ்ந்தது. அந்நான்கு ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 1973இற் பிறந்த ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். 'டான்சிங் ஹீரோ' வெளிவந்தபோது அவளுக்கு வயது பன்னிரண்டு. நிக்கேய் உச்சத்தைத் தொட்டபோது பதினாறு, பாடசாலை மாணவி. ஜூலியானாஸ் திறந்தபோது பதினெட்டு, மூடியபோது இருபத்தொன்று. பல்கலைக்கழகம் சென்றிருப்பின் 1995இல் அல்லது 1996இல் வேலை தேடி வெளிவந்திருப்பாள். பங்கு வாங்க அவளிடம் பணமிருக்கவில்லை. காணி வாங்க வயதிருக்கவில்லை. வட்டி வீதத்தை நிர்ணயித்த கூட்டங்களில் அவளுக்கு இருக்கை இருக்கவில்லை. அவளைப் பார்த்து, 'நீ அன்று ஆடினாய், இன்று விலை கொடு' என்று கூறுவது எத்தகைய நீதி?

அவள் கொடுத்த விலை எத்தகையது என்பதையும் நோக்குதல் வேண்டும். பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கான வேலைவாய்ப்பு விகிதம், அதாவது நிறுவனங்களில் வேலை நாடும் ஒரு மாணவருக்கு எத்தனை இடங்கள் உள்ளன என்னும் கணக்கு, 1991 மார்ச்சில் வெளியேறியோர்க்கு 2.86 ஆகவிருந்தது. 2000 மார்ச்சில் வெளியேறியோர்க்கு அது 0.99. இடையே, 1997 நவம்பரில், யமாயிச்சி என்னும் பெரும் பங்குத்தரகு நிறுவனமும் ஹொக்கைடோ தக்குஷோக்கு வங்கியும் வீழ்ந்தன. இக்காலத்தை யப்பானியர் 'வேலைவாய்ப்பின் பனியுகம்' என வழங்குகின்றனர். 1994இலேயே அச்சொல் எங்கும் பரவிவிட்டது. அங்கு பெரிய நிறுவனங்கள் கல்வி முடித்து வெளிவரும் மாணவரை ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், கூட்டமாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தைக் கொண்டவை. அந்த ஒரு வாசலைத் தவறவிட்டவருக்கு மறுவாசல் பெரும்பாலும் திறப்பதில்லை. எனவே பிறந்த ஆண்டு ஒன்றே ஒருவரது வாழ்நாட் சம்பளத்தையும், திருமணத்தையும், ஓய்வூதியத்தையும் தீர்மானிக்கலாயிற்று. பட்டதாரிகளின் வேலையின்மை எத்தகையது என்பதை இவ்விதழின் வாசகர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பாரா பாரா நடனம் தன் உச்சத்தை எட்டியதும் இக்காலத்திலேதான். கொனாமி நிறுவனம் அதனை நாணயமிட்டு ஆடும் விளையாட்டுப் பொறியாக வெளியிட்டது 2000ஆம் ஆண்டில். வேலைவாய்ப்பு விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கிய அதே ஆண்டு. ஷிபுயாவின் தெருக்களிற் பாரா பாரா ஆடிய பெண்களைக் 'குமிழிக் காலத்தின் எச்சம்' என்று எழுதுவோர் நாட்காட்டியைப் பார்க்காமலே எழுதுகின்றனர்.

இங்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைக் குறிப்பிடல் தகும். தனிமனித வரலாறுகளிலிருந்து சமூக விதிகளை வருவிப்பது தவறென்பதை அறிவேன். எனினும் சில வாழ்க்கைகள் விதிகளைவிடத் தெளிவாகப் பேசுகின்றன. ஜூலியானாஸ் டோக்கியோ, நிஷோ இவாய் என்னும் பெரும் வணிக நிறுவனமும் வெம்பிளி என்னும் பிரித்தானியக் கேளிக்கை நிறுவனமும் இணைந்து நடத்திய கூடம். அத்திட்டத்தில் முதன்மைப் பங்கு வகித்த இளம் அதிகாரி ஒரிகுச்சி மசாஹிரோ. பின்னர், 1994 டிசெம்பரில் ரொப்பொங்கியில் திறக்கப்பட்ட வெல்ஃபார் என்னும் மாபெரும் நடனசாலையின் உருவாக்கத்திலும் அவர் ஈடுபட்டார். 1995இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் குட்வில். அது செய்த தொழில் நடனசாலை நடத்துவதன்று. ஆட்களை நாட்கூலிக்கு அனுப்புவது. நிரந்தர வேலை கிடைக்காத இளைஞரும் நடுவயதை நெருங்கியோரும் நாளைய வேலை எதுவென்பதைக் கைத்தொலைபேசி மூலம் அறிந்து, முன்பின் அறியாத பண்டசாலைக்குச் சென்று, பொதி சுமந்து, மாலையிற் கூலி பெற்றனர். ஒவ்வொரு நாட்கூலியிலிருந்தும் 'தரவு உபகரணக் கட்டணம்' என்ற பெயரில் 200 யென் கழிக்கப்பட்டது. சட்டவிரோதமாக ஆட்களை அனுப்பியமைக்காக 2008 ஜனவரியில் தொழில் அமைச்சு அந்நிறுவனத்தின் வணிகத்தை இடைநிறுத்தியது. அதே ஆண்டு யூலை முடிவில் அது ஆளனுப்பும் தொழிலையே கைவிட்டது.

ஷிபாவுராவின் பண்டசாலையை நடனசாலையாக்கிய கையே, அங்கு ஆடிய தலைமுறையை மீண்டும் பண்டசாலைக்கு அனுப்பிவைத்தது. புனைகதையாசிரியன் ஒருவன் இவ்வாறு எழுதியிருப்பின் செயற்கையானது என்று நாமே கண்டித்திருப்போம்.

இது ஒருவரின் பேராசையாலும் மாத்திரம் நிகழ்ந்ததன்று. 'டான்சிங் ஹீரோ' வெளிவந்த அதே 1985இல் யப்பானியப் பாராளுமன்றம் இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று ஆண் பெண் சமவாய்ப்புச் சட்டம். மற்றது தொழிலாளரைப் பிற நிறுவனங்களுக்கு இரவலாக அனுப்புவதற்கு அனுமதியளித்த சட்டம். முதலாவது போற்றப்பட்டது, இரண்டாவது அதிகம் பேசப்படவில்லை. தொடக்கத்திற் குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டுப்படுத்தப்பட்டிருந்த அவ்விரவல் முறை 1999இல் பெரும்பாலான தொழில்களுக்கு விரிக்கப்பட்டது. 2004இல் தொழிற்சாலைகளுக்குள்ளும் நுழைந்தது. மேடையேறி விசிறி சுழற்றிய பெண்களுட் பலர் அலுவலகங்களின் கீழ்நிலை எழுத்துவேலைகளிற் பணியாற்றியோர். சமவாய்ப்புச் சட்டம் தமக்கு வாசல் திறக்குமென எதிர்பார்த்தோர் பலருக்குக் காலப்போக்கில் இரவற் சட்டமே வாசலாயிற்று. இப்பெண்களை அன்றைய சஞ்சிகைகள் ஒழுக்கக்கேட்டின் உருவமாகப் படம்பிடித்து விற்றன. கூடம் மூடப்படுமுன்னரே கண்டனங்களுக்கஞ்சி அம்மேடைகள் அகற்றப்பட்டன. இன்று அதே படங்கள் 'கவலையற்ற காலத்தின்' படங்களாக விற்கப்படுகின்றன. அன்று பழித்து விற்றனர். இன்று புகழ்ந்து விற்கின்றனர். விற்பனை மட்டும் நிற்கவில்லை.

இப்பழைமையேக்க வணிகத்தின் அண்மைக்காலப் போக்கை விரிவாக விளக்க வேண்டியதில்லை. 2010இல் 'மகாராஜா' ரொப்பொங்கியில் மீண்டும் திறக்கப்பட்டது. 2017இல் ஒசாக்காப் பகுதியின் தொமியோக்கா உயர்நிலைப் பாடசாலை மாணவியர் தோளுயர்ந்த மேலங்கியும் தடித்த புருவமும் பூண்டு 'டான்சிங் ஹீரோ'வுக்கு ஆடிய ஆட்டம் நாடெங்கும் பரவியது. திறமையான ஆட்டம், அதனை நான் குறைகூறவில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த அம்மாணவியர் நடித்துக் காட்டியது, தம் தாய்மார் வாழ்ந்த காலத்தையன்று. தாய்மார் வாழ்ந்ததாகத் தொலைக்காட்சி கற்பித்த காலத்தையே. 2018இல் டா பம்ப் குழுவினர் வெளியிட்டுப் பெருவெற்றி பெற்ற 'யூ.எஸ்.ஏ.' 1992ஆம் ஆண்டின் இத்தாலிய யூரோபீட் பாட்டொன்றின் மறுவடிவம். 2024 பெப்ரவரி 22இல் நிக்கேய் சுட்டெண் 34 ஆண்டுகளுக்குப் பின் 1989இன் உச்சத்தைக் கடந்தபோது, குமிழிக் காலக் காட்சிகள் மீண்டும் எங்கும் தோன்றின. சுட்டெண்ணுக்கு அதன் இளமை திரும்பிவிட்டது. 1973இற் பிறந்தவளுக்கு அவ்வாண்டு ஐம்பத்தொரு வயது.

இனி, இவ்விசையை முற்றாக நிராகரிக்கும் இரு சாராரை எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

முதற் சாரார் தூய்மைவாதிகள். இவ்விசை யப்பானியமானதன்று, அந்நியரின் மலினச் சரக்கு என்பது அவர்கள் வாதம். தகவலளவில் அவர்கள் கூறுவதில் உண்மையுண்டு. 'டான்சிங் ஹீரோ' பிரித்தானியப் பாடகி ஆஞ்சி கோல்டின் பாட்டொன்றின் யப்பானிய வடிவம். யூரோபீட்டின் பெரும்பகுதி இத்தாலியில், மாந்துவா போன்ற சிறு நகரங்களின் ஒலிப்பதிவுக் கூடங்களிற் பிறந்தது. ஆனால் அது யாருக்காகப் பிறந்தது? ஐரோப்பாவில் அவ்விசைக்குக் கேட்போர் அருகிய பின்னரும், யப்பானியச் செவிகளுக்கென்றே, யப்பானியச் சந்தைக்கென்றே அவ்விசைஞர் ஆண்டுக்கணக்காகப் பாட்டுகளை இயற்றினர். இறக்குமதி இசைத்தட்டுகளை மொத்தமாக விற்பதற்கென 1988இல் தோன்றிய ஏவெக்ஸ் நிறுவனம் இவ்விசையினாலேயே வளர்ந்தது. 'சூப்பர் யூரோபீட்' என்னும் தொகுப்பு வரிசை 1990இல் தொடங்கி 2018இல் 250ஆவது தொகுதியை எட்டியது. கேட்போன் ஒரு நாட்டிலும் பாடுவோன் மற்றொரு நாட்டிலும் இருக்கும் இசையை எந்நாட்டு இசை என்பது? தூய்மைவாதத்திடம் இதற்கு விடையில்லை. என் சொந்தச் செவிக்கு, நிமிடத்துக்கு 150க்கு மேற்பட்ட அடிகளோடு ஓடும் அப்பாட்டுகளில் மூன்றாவதைக் கேட்கும்போதே முதலாவது மறந்துவிடுகின்றது. ஆனால் அது சுவை பற்றிய விடயம். சுவையை வரலாறாகத் திரிப்பது தூய்மைவாதிகளின் வழக்கம்; அதனை நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

இரண்டாம் சாரார் எமக்கு நெருங்கியோர். ஆதலால் அவர்களோடு சற்று விரிவாக வாதிட வேண்டும். வெகுசன நடனம் உழைப்போரை மயக்கும் போதை. நடுவயதினரின் பழைமையேக்கமோ போதை தெளிந்தபின் எஞ்சும் தலைவலி. ஆடுவோன் போராடான் என்பது அவர்கள் நிலைப்பாடு. முற்போக்கான நிலைப்பாடு போல அது தோன்றும். ஆனால் யப்பானிய வரலாற்றில் நடனத்தைப் பற்றி அவ்வாறு கருதியோர் யாவர் என்பதைப் பார்த்தால் அவர்கள் கூச்சமடையக்கூடும். 1940 ஒக்ரோபர் இறுதியோடு டோக்கியோவின் நடன மண்டபங்கள் யாவற்றையும் மூடியது போர்க்கால அரசு. 1948இல் நடனசாலைகளைக் கேளிக்கை விடுதிகளோடும் விளையாட்டுக் கூடங்களோடும் ஒரே சட்டத்துக்குள் அடக்கி, காவல்துறையின் அனுமதிக்கு உட்படுத்தியது போருக்குப் பிந்திய அரசு. 2010க்குப் பின், அதே சட்டத்தைக் கொண்டு ஒசாக்காவில் நடனக் கூடங்கள் சோதனையிடப்பட்டன. 2012இல் நூன் என்னும் கூடத்தின் உரிமையாளர் கைதானார். அதனையடுத்து நடனத்தைச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவிக்கக் கோரி ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். வழக்கில் அவ்வுரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரை சென்று விடுதலை பெற்றார். 2015இற் சட்டம் திருத்தப்பட்டு, 2016 யூனில் நடைமுறைக்கு வந்தது. ஆடுவோன் போராடான் என்போர்க்கு, ஆடுவதற்கே போராடியோரின் இவ்வரலாறு தெரியாது போலும்.

பழைமையேக்கம் விற்பனைப் பண்டமாவது புதியதுமன்று. யப்பானில் கோடைகாலத்தில் மூதாதையர் நினைவு விழாவையொட்டி ஊரார் வட்டமாகக் கூடி ஆடும் பொன் ஒடோரி தொன்மையானது. ஆனால் அவ்வட்டங்களில் இன்று நாடெங்கும் ஒலிக்கும் 'டோக்கியோ ஒண்டோ' தொன்மையானதன்று. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவே, 1932இல் டோக்கியோவின் மருனோவுச்சி வட்டாரத்து வணிகர் முன்னின்று ஹிபியா பூங்காவில் ஆடச்செய்த பாட்டொன்றை மாற்றியமைத்து, நாகயாமா ஷிம்பேயின் இசையிலும் சாயிஜோ யாசோவின் சொல்லிலும் விக்டர் இசைத்தட்டு நிறுவனம் 1933இல் வெளியிட்ட பாட்டு அது. கிராமத்தை விட்டு நகருக்கு வந்தோரின் ஊர் ஏக்கத்தை மூலதனமாகக் கொண்டு நகர வணிகர் செய்த சரக்கு. யப்பான் சர்வதேச சங்கத்தினின்று விலகுவதாக அறிவித்த அதே ஆண்டில் நகரம் முழுவதும் அதற்கு ஆடியது. இதனை வைத்து, மக்கள் ஆடிக்கொண்டே போருக்குள் நடந்தனர் என்று எழுதுவது எளிது. ஆனால் போரை முடிவுசெய்தோர் அவ்வட்டங்களில் ஆடிக்கொண்டிருந்தோரல்லர். வணிகர் செய்த அப்பாட்டை மக்கள் காலப்போக்கில் தமதாக்கிக்கொண்டனர்; இன்று அதனை விற்ற வணிகரை எவரும் நினைப்பதில்லை.

ஆகவே பாட்டின் பிறப்பு அதன் பயனைத் தீர்மானிப்பதில்லை. விற்பவன் விற்கும் பொருளும் வாங்குவோன் பயன்படுத்தும் பொருளும் எப்போதும் ஒன்றல்ல. ஐம்பது வயதான ஒருத்தி பழைய யூரோபீட் பாட்டொன்றுக்குக் கையசைக்கும்போது அவள் ஏங்குவது குமிழிக்காக என்று எவர் கண்டார்? அவள் குமிழியை அனுபவித்ததே இல்லை. அவள் நினைவுகூர்வது ஒருவேளை, ஏப்ரல் மாதத்து வாசல் தன்முன்னே மூடப்படுவதற்கு முந்திய நாட்களை, எல்லாம் இனிமேல்தான் என்றிருந்த நாட்களையாக இருக்கலாம். அதனைத் தப்பியோட்டம் என்று கூறுவதற்கு எமக்கு உரிமையில்லை. தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது எதுவென்பதை மறவாதிருப்பதும் ஒருவகை அரசியல் உணர்வே. அந்நினைவை 'உன் ஊதாரித்தனத்தின் நினைவு' என்று பெயர் மாற்றி அவளிடமே விற்பதைத்தான் எதிர்க்க வேண்டும். பாட்டை எதிர்ப்பதும் அவளை எதிர்ப்பதும் தவறான முகவரிக்கு அனுப்பப்பட்ட கடிதங்களாகும்.

இப்பெயர் மாற்றத்தால் இலாபமடைவோர் யார் என்பதும் இப்போது தெளிவாகியிருக்கும். வீழ்ச்சி எல்லோரும் கூடிச் செய்த குற்றம் என்றானபின் தனியே எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. கடன் கொடுத்த வங்கிகளுக்கு அரச நிதி பாய்ச்சப்பட்டது; 1998இலும் 1999இலும் அது நிகழ்ந்தது. வேலையின்றி வெளியேறிய தலைமுறைக்கென நாடளாவிய திட்டமொன்றை அரசாங்கம் அறிவித்ததோ 2019இல்; மூன்றாண்டுகளில் நிரந்தர ஊழியரை 3 இலட்சத்தால் அதிகரிப்பது இலக்கு என்றனர். அதற்குள் அத்தலைமுறையின் முதல்வரிசையினர் ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தனர். குறித்த மூன்றாண்டுகளில் இலக்கு எட்டப்படவில்லை; காலம் நீட்டிக்கப்பட்டது. வங்கிக்கு ஓரிரு ஆண்டு, மனிதருக்கு இருபத்தைந்து ஆண்டு. 'நாமெல்லோரும் ஆடினோம்' என்னும் கதை பரவியிருந்த நாட்டில் இத்தாமதம் பெருங்குற்றமாகப் பலருக்குத் தோன்றவில்லை.

மத்திய யப்பானில், கிஃபு மாகாணத்தின் மினோகாமோ போன்ற ஊர்களிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும், பொன் ஒடோரி வட்டங்களில் 'டான்சிங் ஹீரோ' பல்லாண்டுகளாகவே ஆடப்பட்டு வருகின்றது. 2017இல் அப்பாட்டுத் தொலைக்காட்சிக்கு மீண்டு வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்னரே தொடங்கிய வழக்கம் அது. தோளுயர்ந்த மேலங்கி அங்கில்லை. வாசலில் ஆடையை மதிப்பிடும் காவலரும் இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. கோடைகாலப் பருத்தி உடையில் பாட்டியும் பேத்தியும் நடுவயதுப் பெண்களும் ஒரே வட்டத்தில் சுற்றி வருகின்றனர். அவ்வட்டத்தில் அப்பாட்டைக் குமிழிக் காலப் பாட்டு என்று எவரும் அறிமுகம் செய்வதில்லை. 'டோக்கியோ ஒண்டோ' முடிந்தபின் ஒலிபெருக்கியில் அடுத்து வருவது அது, அவ்வளவுதான்.